எப்படி இயங்குகிறது? உபின் தீவில் ஒரு கூடார இரவு

மழை ஒரு துளியும் பெய்யவில்லை. இரவு முழுக்க வானம் தெளிவாக இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தால் போர்வை ஈரம், தலையணை ஈரம், மூலையில் கழற்றிப் போட்ட சட்டையும் ஈரம். பிள்ளைகள் புழுக்கத்தில் புரண்டு புரண்டு படுத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு முதல் முறை கூடாரம் போட்டவர்கள் பலர் சொல்லும் புகார் இது. கூடாரம் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, அடுத்த முறை இன்னும் விலை கூடிய, இன்னும் இறுக்கமாக மூடும் கூடாரத்தை வாங்குகிறார்கள். ஈரம் முன்னைவிடக் கூடுகிறது.

அந்த ஈரத்தில் பெரும்பகுதி, உள்ளே படுத்திருந்தவர்களிடமிருந்தே வந்தது. எப்படி என்று புரிந்துகொள்ள நம் அடுக்களையில் இருக்கும் ஒரே ஒரு பாத்திரம் போதும்: இட்லிப் பானை. அடியில் தண்ணீர், நடுவில் தட்டு, மேலே மூடி, மூடியில் ஆவி போக ஒரு வழி. குக்கரில் இட்லி வைத்தாலும் வெயிட் போடமாட்டோம். ஆவி வந்துகொண்டே இருக்க வேண்டும், போய்க்கொண்டும் இருக்க வேண்டும். இந்த நான்கு பாகங்களும் தீவில் போடும் கூடாரத்துக்கும் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் போடுவது, எந்தப் பக்கம் வாசல் வைப்பது, எதைத் திறந்து வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகக் கிடைத்துவிடும்.

பானை இருக்கும் இடம்

சிங்கப்பூரின் வடகிழக்கே, சாங்கிக்கும் ஜோகூருக்கும் நடுவில் கிடக்கிறது புலாவ் உபின். பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் பம்போட் என்னும் சிறு படகு கிளம்பும். 10, 15 நிமிடத்தில் அக்கரை. ஒரு காலத்தில் கருங்கல் வெட்டி எடுத்த தீவு இது. 1851-ல் கட்டி முடிந்த ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. குவாரிகள் இன்று நீர் நிரம்பிய குளங்களாக நிற்கின்றன. 1967-ல் இங்கே தொடங்கிய அவுட்வார்டு பவுண்டு பள்ளியில், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கூடாரத்தில் படுக்கப் பழகியிருக்கிறார்கள்.

குடும்பங்கள் தங்குவதற்குத் தேசியப் பூங்காக் கழகம் ஒதுக்கிய இடங்கள் உண்டு. ஜெலுத்தோங் தளம் தீவின் தென்மேற்குப் பக்கம், படகுத்துறையிலிருந்து நடந்து போகும் தூரம். மமாம் தளம் வடக்குக் கரையில், ஜோகூரைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிடுவது நல்லது. எதிர்க்கரை மலேசியக் கோபுரத்தை அது பிடித்துக்கொள்ளும். கிளம்பும் முன் கழகத்தின் இணையதளத்தில் அன்றைய விதிகளையும், தளம் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நகரம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரியும். சாங்கியில் இறங்கும் விமானங்களின் விளக்கும் தெரியும். ஆனால் நகரத்தின் மின்கம்பி தீவுக்கு வருவதில்லை. ஊர்க்காரர்கள் நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்தார்கள். 2013 முதல் ஊர்ப்பகுதிக்குச் சூரிய மின்சாரம் கலந்த ஒரு சிறு மின்கட்டமைப்பும் இருக்கிறது. தண்ணீருக்குக் கிணறு. அடுக்குமாடி வீட்டில் சுவருக்குப் பின்னால் குழாயும் இயந்திரமும் ஓசையின்றிச் செய்யும் வேலைகளை இங்கே ஓர் இரவுக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் இந்தப் பானை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடியில் இருக்கும் தண்ணீர்

இட்லி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். மூடி சீக்கிரமே கை வைக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அடியில் உள்ள தண்ணீரில் விரல் விட முடியாது. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க வேண்டிய வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும், ஒரு கிலோ கருங்கல்லை அதே அளவு சூடாக்க. சீக்கிரம் சூடாவது சீக்கிரம் ஆறும். தாமதமாகச் சூடாவது தாமதமாகத்தான் ஆறும்.

உபினைச் சுற்றியுள்ள கடல் அந்தத் தண்ணீர். ஆண்டு முழுக்க ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரிக்குள்ளேயே நிற்கும். பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் காட்டாது. சூரியன் மறைந்ததும் தரை ஆறத் தொடங்குகிறது. கடலோ இரவெல்லாம் ஆவியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விடியும் நேரத்தில் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். உங்கள் கூடாரத்துக்குள் வரும் காற்று வரும்போதே முக்கால்வாசிக்கு மேல் ஈரத்தைச் சுமந்துதான் வருகிறது. இனி அதில் ஏற்ற அதிக இடமில்லை.

தட்டின் உயரம்

பானையில் தண்ணீர் கூடிப்போனால் என்ன ஆகும்? கொதிக்கும்போது பொங்கி அடித்தட்டில் ஏறும். கீழ்வரிசை இட்லி மட்டும் சொதசொதவென்று ஆகிவிடும். மாவிலும் குறையில்லை, அடுப்பிலும் குறையில்லை. தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி போதவில்லை, அவ்வளவுதான்.

கூடாரம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த இடைவெளி. உபினில் அலை நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் மூன்று மீட்டர் வரை வித்தியாசம் வரும். மாலை வற்றத்தில் அகலமாகத் தெரியும் மணல் நடுஇரவில் இருக்காது. கரையில் காய்ந்த கடற்பாசியும் குச்சிகளும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். போன ஏற்றம் தொட்ட எல்லை அது. ஒதுக்கிய தளத்துக்குள்ளேயும் அந்தக் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, மழைநீர் ஓடிய தடம் இல்லாத சற்று மேடான இடமாகப் பாருங்கள்.

தரைவிரிப்பில் நிறையப் பேர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடிப்பாகத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழும் மழையை அதுவே பிடித்து அடியில் கொண்டுவந்து சேர்க்கும். நீட்டிய ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

மூடியும் துளியும்

இட்லிப் பானையின் மூடி ஏன் குவிந்திருக்கிறது? தட்டையான மூடியில் ஆவி பட்டுத் துளியானால் நேரே இட்லியின் மேல் சொட்டும். குவிந்த மூடியில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவில் வழிந்து, ஓரத்தில் இறங்கிவிடும். குவிமாடக் கூடாரத்தின் சரிவிலும் இதுவேதான் நடக்கிறது.

நல்ல கூடாரத்துக்கு இரண்டு அடுக்கு. உள்ளே வலைத்துணி, வெளியே நீர் புகாத மேல்துணி. மூச்சின் ஆவி வலையைத் தாண்டிப் போய் மேல்துணியில் படுகிறது. தெளிவான வானத்தின் கீழ் மேல்துணி தன் சூட்டை வானத்துக்கு வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். 25 டிகிரிக் காற்றில் 90 விழுக்காடு ஈரம் இருந்தால், துணி இரண்டு டிகிரி குளிர்ந்தாலே நீர் கோக்கத் தொடங்கும். அதிகாலை நான்கு மணிக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மேல்துணியின் உள்பக்கத்தைப் பாருங்கள். முதலில் மங்கலான பூச்சாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் கடுகளவுத் துளிகள். விரலால் ஒன்றைத் தொட்டால் பக்கத்துத் துளியோடு சேரும். இரண்டும் கனத்து, வழியில் இருப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஒரே கோடாகக் கீழே ஓடும். பிள்ளைகளை எழுப்பிக் காட்ட வேண்டிய காட்சி இது. பள்ளிப் பாடத்தில் படித்த ஆவி சுருங்குதல் விரல் நுனியில் நடக்கிறது.

இந்த ஏற்பாடு கெடுவது ஒரே இடத்தில்: மேல்துணி தொய்ந்து வலையைத் தொடும்போது. தொட்ட இடத்தில் துளி உள்ளே இறங்கி நேரே போர்வையில் விழும். ஈரத்தில் சில துணிகள் தளரும் என்பதால், மாலையில் கட்டிய கயிற்றைப் படுக்கப் போகும் முன் இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள். இரவு நனையாமல் இருப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

மரத்தடியில் போட்டால் பனி குறையும். மேலே உள்ள இலைகள் வானத்தை மறைப்பதால் துணி அவ்வளவு குளிராது. ஆனால் உபினில் தென்னையும் உண்டு, டுரியானும் உண்டு. அண்ணாந்து பார்த்துக் காயோ காய்ந்த கிளையோ இல்லை என்று உறுதி செய்த பிறகே மரநிழலைத் தேடுங்கள்.

ஆவி போகும் வழி

இப்போது வெயிட் விஷயத்துக்கு வருவோம். தூங்கும் பெரியவர் ஒருவர் இரவு முழுக்க மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை ஆவியாக விடுகிறார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் விடியும்போது முக்கால் லிட்டர் அளவுக்கு வரும். நான்கு பேர் படுக்கும் கூடாரத்தில் காற்றின் அளவு ஐந்து கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் ஆவியைத்தான் தாங்கும். உபின் இரவில் அதில் பெரும்பகுதி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிப் படுத்தால் அரை மணி நேரத்துக்குள் காற்று ததும்பிவிடும். அதன் பிறகு விடும் ஒவ்வொரு மூச்சும் எங்கேயாவது தண்ணீராக நிற்க வேண்டியதுதான்.

புழுக்கமும் இதிலிருந்தே வருகிறது. வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். காற்று நிறைந்திருந்தால் வியர்வை போக இடமில்லை. குழந்தை சிணுங்குவது வெளியே வெப்பம் கூடியதால் இருக்காது. வெளியே 25 டிகிரிதான். மூடிய பானைக்குள் ஆவி தங்கிவிட்டது.

அதனால் கூடாரத்துக்கு வெயிட் போடாதீர்கள். வலை ஜிப்பை மட்டும் மூடுங்கள், அது கொசுவுக்கு. துணிக் கதவுகளைச் சுருட்டிக் கட்டுங்கள். ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு வழிகள் திறந்திருக்க வேண்டும். குளிர்நாட்டில் உள்ளே சூடு, வெளியே குளிர் என்பதால் மேலே ஒரு துவாரம் இருந்தால் ஆவி தானே ஏறிப் போகும். இங்கே உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. காற்று குறுக்கே ஓடினால்தான் ஆவியைத் தள்ளிக்கொண்டு போகும். வாசலைத் தண்ணீரைப் பார்த்து வைத்து, பின் ஜன்னலையும் திறந்து வையுங்கள். பெட்டியில் “நான்கு பேர்” என்று போட்டிருந்தால் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு அது. நால்வர் குடும்பத்துக்கு ஆறு பேர் கூடாரம் எடுங்கள். குழியில் மாவை முட்ட முட்ட ஊற்றினால் ஆவி சுற்றிவர இடமிருக்காது.

கடற்கரை மணல் ஈ கொசுவைவிடச் சிறியது. அகலக் கண் வலையில் நுழைந்துவிடும். நெருக்கமான வலையுள்ள கூடாரமா என்று வாங்கும்போதே பாருங்கள். மாலையில் பிள்ளைகளுக்கு முழுக்கால் உடை போட்டு, கொசு விரட்டி தடவி விடுங்கள்.

அடுப்பு வெளியேதான்

பானைக்குள் யாரும் அடுப்பை வைப்பதில்லை. மழை வந்துவிட்டது, காபி மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள்ளும் வாசல் மறைப்பின் கீழும் எடுத்துவராதீர்கள். மூடிய இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை; தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடுவார்கள். அணைந்ததுபோல் தெரியும் கரியும் அதை விட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சாப்பாடும் வெளியேதான், இறுக மூடும் கெட்டி டப்பாவில். உபினில் காட்டுப்பன்றிகளும் நீள்வால் குரங்குகளும் உண்டு. கூடாரத்தில் கிடக்கும் பிஸ்கட் பொட்டலத்தின் மணம் அவற்றைத் துணி கிழித்து உள்ளே வரவைக்கும். அவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். மனிதரிடம் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய விலங்கு கடைசியில் தன் உயிரையே பறிகொடுக்கும்.

தண்ணீர் வற்றும் சத்தம்

சில வீடுகளில் பாட்டிமார் இட்லிப் பானையின் அடியில் ஒரு காசைப் போடுவார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை காசு தடதடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று மூடியைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

பிள்ளைகளின் உடம்பிலும் அப்படி ஓர் அடையாளம் உண்டு: சிறுநீரின் நிறம். இளமஞ்சளாக இருந்தால் கவலையில்லை. அடர்மஞ்சளாகி, போகும் தடவையும் குறைந்தால் தண்ணீர் போதவில்லை. “தாகமா இருக்கா?” என்று கேட்டால் விளையாட்டு மும்முரத்தில் இல்லை என்றுதான் சொல்வார்கள். தளத்தின் குழாய்த் தண்ணீரைக் குடிக்க நம்பவேண்டாம். கை கால் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் தலைக்கு மூன்று லிட்டர், சமையலுக்குத் தனி என்று சாங்கியிலிருந்தே கொண்டுபோங்கள். தீவின் கடைகள் படகுத்துறை ஊரில்தான், பகலில்தான். பொழுது சாய்ந்ததும் படகும் குறைந்துவிடும். மருந்தும் அப்படியே: காய்ச்சல் மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர், ஒவ்வாமை மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸுக்கு 995.

விடியற்காலைச் சூறைக்காற்று

ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை இந்தக் கரைகளுக்கு ஒரு விருந்தாளி உண்டு: சுமத்ரா சூறைக்காற்று. நாம் பார்த்த அதே பானை, பெரிய அளவில். இரவில் சுமத்ராவின் தரையும் மலாயாத் தரையும் ஆறிவிடுகின்றன. நடுவில் மலாக்கா நீரிணை வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இரு கரைகளிலிருந்தும் குளிர்ந்த காற்று நீரிணையை நோக்கி வந்து மோதுகிறது. நடுவே உள்ள ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாக வரிசை கட்டி, மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ சிங்கப்பூருக்கு வருகிறது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். ஒன்றிரண்டு மணி நேரம் மழை கொட்டும்.

வரும் முன் சொல்லிவிட்டே வரும். மேற்கில் மின்னல் தெரியும். புழுக்கம் நின்று திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடிக்கும். அதுவரை திறந்து வைத்த மேற்குப் பக்கத்தை மூடுங்கள், கிழக்குப் பக்க வழியை விட்டுவிடுங்கள். மேற்குக் கயிறுகளுக்கு முளையை ஆழமாக அடித்து, வெளியே சாய்த்து நிறுத்தியிருக்க வேண்டும். இதை மாலையிலேயே செய்துவிடுங்கள். இடி நெருங்கினால் கூடாரமும் மரமும் பாதுகாப்பில்லை. பகல் வெளிச்சத்திலேயே பக்கத்துக் கட்டடம் எது, நடந்துபோக எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளோடு ஒரு முறை போய்ப் பார்த்து வையுங்கள்.

காலம் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்கு. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சில நாள்கள் விடாமல் பெய்யும். ஜூன் விடுமுறை சூறைக்காற்றுக் காலத்தில் வருகிறது. பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும் மழை குறைந்து காற்றோட்டமாக இருக்கும். முதல் முறை போகும் குடும்பம் மார்ச் பள்ளி விடுமுறையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பி வந்ததும் கூடாரத்தைச் சுருட்டியபடி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஈர இட்லித் துணியை மூட்டையாகக் கட்டி வைத்தால் அடுத்த நாளே வாடை வரும். கூடாரத் துணியிலும் பூஞ்சணம் அப்படித்தான் பிடிக்கும். அன்றைக்கே விரித்துக் காயவையுங்கள்.

யாருக்கு என்ன வேலை

இவ்வளவையும் அப்பாவும் அம்மாவும் மட்டும் செய்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தீவு வெறும் இடமாற்றம்தான். நகர வீட்டில் ஈரமும் சூடும் ஒரு பொத்தானில் அடங்கிவிடுகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று பார்க்க ஒரு குழந்தைக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. உபினுக்குக் கூட்டிப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது. ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கடற்பாசிக் கோட்டைக் கண்டுபிடித்து, கூடாரம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று காலடியால் அளப்பது சின்னவருடைய வேலை. கயிற்றை இரண்டாம் முறை இழுத்துக் கட்டுவதும், படுக்கும் முன் இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் பெரியவருடையது. இருவரும் சரி என்று சொன்ன பிறகே விளக்கை அணையுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால், ஏன் அது வேண்டும் என்று அவர்களே உங்களுக்கு விளக்கட்டும்.